யூஇஎஃப்ஐ கணினியில் கிரப் இன்னும் எதற்கு? லினக்ஸ் பூட்டைச் சுருக்குவது பற்றி

நடுநிசி_டெர்மினல்

கொஞ்ச நாளாக மனதில் ஓடுவதை இங்கே வைக்கிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஒரு லேப்டாப் வாங்கி டெபியனோ உபுண்டுவோ ஃபெடோராவோ போட்டால், பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து லாகின் திரை வரும்வரை எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். முதலில் கணினியின் போர்டிலேயே இருக்கும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் எழுந்து, டிஸ்க்கில் ஃபேட் வடிவில் இருக்கும் இஎஸ்பி என்ற பூட் பார்டிஷனைப் படிக்கிறது. அங்கே இருக்கும் ஷிம் என்ற சின்ன நிரல் ஓடுகிறது, அது பூட்லோடரான கிரப்பை எழுப்புகிறது. கிரப் தன்னிடம் இருக்கும் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகளுக்கான டிரைவர்களை வைத்து டிஸ்க்கைத் திரும்பப் படித்து, தன் சொந்த ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய அமைப்புக் கோப்பை ஓட்டி, மெனு காட்டி, லினக்ஸின் மையமான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அந்த இனிட்ராம்எஃப்எஸ்ஸும் ஒரு குட்டி லினக்ஸ்தான். அது மறுபடி டிஸ்க்கைத் தேடி, ரூட் பார்டிஷனைக் கண்டுபிடித்து, பூட்டியிருந்தால் பாஸ்வேர்டு கேட்டுத் திறந்து, அதற்கப்புறம்தான் நம் அசல் சிஸ்டம் தொடங்குகிறது. வாசலில் ஒருவர், திண்ணையில் ஒருவர், கூடத்தில் ஒருவர் என்று மூன்று பேர் நின்று, வந்தவரிடம் ஒரே கேள்வியைக் கேட்பது போல இருக்கிறது.

இது இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. யூஇஎஃப்ஐக்கு முந்தைய ஃபர்ம்வேரான பயாஸ் காலத்தில் டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட், அதில் பூட் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். ஃபர்ம்வேருக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அப்போதைய பூட்லோடர் லிலோ என்ன செய்தது என்றால், கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்று பட்டியல் எழுதி வைத்துக்கொண்டது. கெர்னலை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால் கணினி எழாது. கிரப் வந்து கோப்பு முறைமைகளைத் தானே படிக்கக் கற்றுக்கொண்டதும் அந்தத் தொல்லை போயிற்று. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இப்போது ஃபர்ம்வேரே ஃபேட் பார்டிஷனைப் படிக்கிறது. 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலே ஒரு இஎஃப்ஐ நிரலாக நேரடியாக ஓடும். அப்படியென்றால் நடுவில் கெர்னலின் பாதி வேலையைத் திரும்பச் செய்யும் இன்னொரு சின்ன இயக்குதளம் எதற்கு?

என் கருத்து இதுதான்: யூஇஎஃப்ஐ கணினிகளில் புதிதாக நிறுவும்போது கிரப்பை இயல்பிருப்பாகப் போடுவதை நிறுத்த வேண்டும். கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், கெர்னலுக்கான கட்டளை வரி மூன்றையும் ஒரே இஎஃப்ஐ கோப்பாகக் கட்டி (யூகேஐ என்கிறார்கள்), கையொப்பமிட்டு, இஎஸ்பியில் வைத்துவிட வேண்டும். மெனு வேண்டுமென்றால் சிஸ்டம்டி-பூட் என்ற எளிய பூட்லோடர் போதும். அதற்கு டிஸ்க் டிரைவர் கிடையாது, ஸ்கிரிப்ட் மொழி கிடையாது, ஃபர்ம்வேர் காட்டும் கோப்புகளை வரிசைப்படுத்திக் காட்டும், அவ்வளவுதான். பயாஸ் கணினிகளுக்குக் கிரப் இருக்கட்டும், அதை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை.

---

பழைய_மடிக்கணினி

நண்பரே, ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்? கிரப் பயாஸிலும் ஓடும், யூஇஎஃப்ஐயிலும் ஓடும், ஐபிஎம் பவர் கணினிகளிலும் ஓடும். ஒரு முறை கற்றுக்கொண்டால் எங்கே போனாலும் அதே மெனு, அதே ரெஸ்க்யூ ஷெல். என்னிடம் இருப்பது பயாஸ் கணினி, நான் மட்டுமில்லை, பழைய கணினியை லினக்ஸ் போட்டு உயிரோடு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு வழிகளையும் ஒரு டிஸ்ட்ரோ பராமரிக்க வேண்டுமென்றால் வேலை குறையவில்லையே, கூடுகிறதே.

இன்னொன்று, ஓபன்சூசேவில் அப்டேட் கெடுத்துவிட்டால் பூட் மெனுவிலேயே முந்தைய பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டை (அப்டேட்டுக்கு முன் சிஸ்டம் இருந்த நிலையின் பதிவு) தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். கெர்னலும் அந்த ஸ்னாப்ஷாட்டுக்குள்ளேயே இருப்பதால் கெர்னலும் மாட்யூல்களும் ஒரே பதிப்பாகப் பொருந்தி வரும். கிரப்புக்கு பிடிஆர்எஃப்எஸ் படிக்கத் தெரிவதால்தான் இது நடக்கிறது. நீங்கள் தேவையில்லை என்று சொல்லும் அந்த டிரைவர்தான் எங்களை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது.

---

நடுநிசி_டெர்மினல்

ஸ்னாப்ஷாட் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயமான வாதம், அதை ஒதுக்கவில்லை. சிஸ்டம்டி-பூட்டில் அதே வசதி வேண்டுமென்றால் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் உரிய கெர்னலை இஎஸ்பியிலும் வைத்துப் பராமரிக்க ஒரு கருவி வேண்டும். செய்யலாம், ஆனால் இடம் பிடிக்கும்.

"ஓடிக்கொண்டிருப்பது" என்ற இடத்தில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. கெர்னல் பக்கம் கோப்பு முறைமைகள் வளர்ந்துகொண்டே போகின்றன, கிரப் பின்னாலேயே ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 2023-இல் வந்த இ2எஃப்எஸ்பிராக்ஸ் 1.47.0 என்ற கருவித் தொகுப்பு, இஎக்ஸ்டி4 பார்டிஷன் உருவாக்கும்போது ஒரு புதிய செக்சம் வசதியை இயல்பாகவே இயக்கி வைத்தது. கிரப் 2.06-க்கு அது புரியாது. புதிதாக ஃபார்மட் செய்த டிஸ்க்கைக் கெர்னல் நன்றாகப் படிக்கும், ஆனால் கெர்னல் வரை போய்ச் சேரவே முடியாது. டிஸ்க் என்க்ரிப்ஷனும் இப்படித்தான். லினக்ஸில் டிஸ்க்கைப் பூட்டும் லக்ஸ்2 வடிவம், பாஸ்வேர்டிலிருந்து சாவி உருவாக்க இயல்பாகப் பயன்படுத்தும் ஆர்கன்2 முறையைக் கிரப் 2.06-இல் திறக்க முடியாது, பழைய பிபிகேடிஎஃப்2 மட்டும்தான். அதனால் பூட் கோப்புகளையும் பூட்டி வைக்க நினைத்தவர்கள் பாதுகாப்பில் ஒரு படி இறங்கி வர வேண்டியிருந்தது. கெர்னலில் ஏற்கெனவே சரியாக எழுதிச் சோதித்த ஒன்றை இன்னொரு இடத்தில் அரைகுறையாகத் திரும்ப எழுதினால் இப்படித்தான் ஆகும், கிரப் எழுதுபவர்களின் திறமையில் குறை இல்லை, அவர்கள் சுமக்கும் வேலை அப்படி.

அப்புறம் பாதுகாப்பு. 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஒரு ஓட்டையை வெளியிட்டார்கள்: கிரப் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 முறை தட்டினால் பாஸ்வேர்டு இல்லாமலே ரெஸ்க்யூ ஷெல் திறந்துவிடும். 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற ஓட்டை வந்தது. அமைப்புக் கோப்பை அலசும் நிரலில் பஃபர் வழிந்து, அதன் வழியாக, கையொப்பமில்லாத நிரலை ஓடவிடாத செக்யூர் பூட்டையே தாண்டிவிடலாம். அமைப்புக் கோப்பு என்பது ஒரு முழு ஸ்கிரிப்டாக இல்லாமல் நாலு வரி உரையாக இருந்திருந்தால் அந்த அலசும் நிரல் அவ்வளவு பெரிதாக இருந்தே இருக்காது.

---

சர்வர்_அறை

சர்வர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பேச்சு எல்லாமே லேப்டாப்பை மனதில் வைத்தே நடக்கிறது.

முதலாவது, வேகம் எங்களுக்கு விஷயமே இல்லை. நிறைய நினைவகம் போட்ட சர்வர் எழும்போது ஃபர்ம்வேர் நினைவகத்தைச் சோதித்துச் சரிப்படுத்தி, கார்டுகளையெல்லாம் எழுப்பி முடிக்கவே நிமிடங்கள் ஆகும். அதில் கிரப் எடுக்கும் சில நொடியைக் குறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இரண்டாவது, ரெய்டு. பயாஸில் இரண்டு டிஸ்க்கை, ஒரே தரவை இரண்டிலும் எழுதும் சாஃப்ட்வேர் ரெய்டு1-இல் சேர்த்து, பூட் டைரக்டரியையும் அதிலேயே வைத்து, இரண்டு டிஸ்க்கிலும் கிரப்பை எழுதிவிட்டால் ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றதிலிருந்து எழும். கிரப்புக்கு எம்டி, அதாவது லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு, தெரியும். யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேருக்குத் தெரியாது. இஎஸ்பியை ரெய்டில் போட வேண்டுமென்றால் ரெய்டு தகவலைப் பார்டிஷனின் கடைசியில் எழுதும் 1.0 வடிவத்தை வைத்து, ஃபர்ம்வேரை அது வெறும் ஃபேட் என்று நம்ப வைக்க வேண்டும். ஃபர்ம்வேர் எப்போதாவது அந்தப் பார்டிஷனில் ஏதாவது எழுதிவிட்டால் இரண்டு பிரதியும் வேறுபட்டுப் போகும், எம்டிக்கு அது தெரியவே தெரியாது. மற்ற வழி, இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனி இஎஸ்பி வைத்து ஒவ்வொரு அப்டேட்டின்போதும் இரண்டிலும் எழுதுவது. இதற்குச் சரியான கருவியை டிஸ்ட்ரோவே தராதவரை கிரப்பை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். இப்போதும் இஎஸ்பியில் கிரப்பின் சின்னப் பகுதிதான் இருக்கிறது, அது அடிக்கடி மாறாது. கெர்னல் முழுவதும் அங்கே போனால் மாதத்துக்குச் சில முறை மாறும்.

ஆனால் உங்கள் அடிப்படைக் கருத்தோடு நான் ஒத்துப்போகிறேன். பூட்லோடர் வேலைக்கு லினக்ஸையே பயன்படுத்தினால் என்ன என்ற யோசனை சர்வர் உலகில் பழையது. 1999-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் தொடங்கியது, 2008-இல் அது கோர்பூட் என்று பெயர் மாறியது. 2018-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் லினக்ஸ்பூட் திட்டத்தை அறிவித்தது, அதில் ஃபர்ம்வேரின் பிற்பாதியையே ஒரு கெர்னல் செய்கிறது. ரெட் ஹேட் பொறியாளர்களும் இப்போது கிரப் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கெர்னலை வைத்து, அதுவே மெனு காட்டி, தேர்ந்தெடுத்த கெர்னலுக்கு கெக்ஸெக் (ஓடும் கெர்னலிலிருந்தே இன்னொரு கெர்னலைத் தொடங்கும் வசதி) மூலம் தாவும் முறையில் வேலை செய்கிறார்கள். கெக்ஸெக் 2005-லேயே 2.6.13-இல் கெர்னலுக்குள் வந்துவிட்டது. இந்த வழியில் போனால் பிடிஆர்எஃப்எஸ், எம்டி ரெய்டு, லக்ஸ்2 எல்லாம் கெர்னலின் அசல் டிரைவர்களாலேயே படிக்கப்படும். பழைய_மடிக்கணினி கேட்ட ஸ்னாப்ஷாட்டும் கிடைக்கும், எனக்கு ரெய்டும் கிடைக்கும். எனக்கு யூகேஐயைவிட இதில்தான் நம்பிக்கை அதிகம்.

---

புதுசா_லினக்ஸ்

எல்லாம் படித்தேன், பாதி புரிந்தது. ஒரு சந்தேகம் கேட்கலாமா? விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போட்டவர்கள் பலர் "மெனுவில் விண்டோஸ் வரவில்லை" என்று கேட்கிறார்கள். 2024-இல் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் எழவே இல்லை என்றும் பார்த்தேன். இரண்டும் ஒரே பிரச்சினையா? ஷிம் என்பது என்ன?

---

கெர்னல்_கவிதா

தம்பி, இரண்டும் வேறு வேறு.

மெனுவில் விண்டோஸ் வராததற்குக் காரணம், 2021-இல் வந்த கிரப் 2.06-இலிருந்து மற்ற இயக்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அது எல்லாப் பார்டிஷன்களையும் ரூட் அதிகாரத்தோடு திறந்து பார்ப்பதால் ஆபத்து என்று அணைத்தார்கள். கிரப் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து மெனுவைத் திரும்ப உருவாக்கினால் வந்துவிடும்.

ஷிம் கதை கொஞ்சம் பெரியது. செக்யூர் பூட் இருக்கும் கணினிகளில் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் சாவிதான் இருக்கும். ஒவ்வொரு கிரப் பதிப்பையும் மைக்ரோசாஃப்டிடம் அனுப்பிக் கையொப்பம் வாங்க முடியாது என்பதால், ஷிம் என்ற சின்ன நிரலுக்கு மட்டும் கையொப்பம் வாங்கி, அதற்குள் டிஸ்ட்ரோவின் சாவியை வைத்துவிடுகிறார்கள். பூட்ஹோல் வந்தபோது ஓட்டையுள்ள எல்லாக் கிரப்புகளையும் ஒவ்வொன்றாகத் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது, ஃபர்ம்வேரில் அதற்கான இடமோ ரொம்பக் குறைவு. அதனால் எஸ்பாட் என்று ஒரு தலைமுறை எண் முறையைக் கொண்டுவந்தார்கள்: இந்த எண்ணுக்குக் கீழே உள்ள கிரப் எதுவும் ஓடக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் வழியாக அந்த எண் உயர்த்தப்பட்டபோது, இரண்டு இயக்குதளம் வைத்திருந்த பலருடைய கணினிகளில் லினக்ஸ் பக்கம் "பாதுகாப்பு விதி மீறல்" என்று நின்றுவிட்டது.

இப்போது நடுநிசி தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு இந்த விவாதத்தில் இதுதான் முக்கியம். இன்றைய வழக்கமான அமைப்பில் ஷிம்முக்குக் கையொப்பம் உண்டு, கிரப்புக்கு உண்டு, கெர்னலுக்கு உண்டு. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குக் கிடையாது. அது உங்கள் கணினியிலேயே ஒவ்வொரு அப்டேட்டின்போதும் உருவாக்கப்படுகிறது, யார் கையொப்பமிடுவது? ஆனால் டிஸ்க் பாஸ்வேர்டை உங்களிடம் கேட்பது அந்த இனிட்ராம்எஃப்எஸ்தான். நீங்கள் லேப்டாப்பை விடுதி அறையில் வைத்துவிட்டு வெளியே போயிருக்கும்போது ஒருவர் பூட் பார்டிஷனைத் திறந்து அதற்குள் நாலு வரி சேர்த்துவிட்டால், அடுத்த முறை நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு அவரிடம் போகும், செக்யூர் பூட் ஒரு எச்சரிக்கைகூடத் தராது. இத்தனை கையொப்பங்களும் ஷிம்மும் எஸ்பாட்டும் வைத்துக்கொண்டு, கடைசியில் ரகசியம் கேட்கும் இடத்தைத் திறந்து போட்டிருக்கிறோம். இதைச் சரிசெய்யாமல் செக்யூர் பூட் பற்றிப் பேசுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

யூகேஐயில் கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் ஒரே கோப்பு, ஒரே கையொப்பம், அதனால் இது அடைபடுகிறது. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் பக்கமும் லாபம் உண்டு. கிரப் தான் ஓட்டும் ஒவ்வொரு கட்டளையையும் டிபிஎம்மின் 8-ஆவது பதிவேட்டில் அளந்து வைக்கிறது, மெனுவில் ஒரு வரி மாறினாலும் மதிப்பு மாறும், அதை நம்பி டிஸ்க் சாவியைப் பூட்டினால் அடுத்த அப்டேட்டில் திறக்காது. யூகேஐயின் பகுதிகள் 11-ஆவது பதிவேட்டுக்குப் போகின்றன, கோப்பைக் கட்டும்போதே அந்த மதிப்பைக் கணக்கிட்டுவிடலாம்.

விலை என்ன என்று கேட்டால், இனிட்ராம்எஃப்எஸ் டிஸ்ட்ரோவின் சர்வரில் கட்டப்பட வேண்டும். எல்லாருடைய வன்பொருளுக்கும் பொதுவான ஒன்று, அதனால் பெரிதாக இருக்கும். கட்டளை வரியும் உள்ளே உறைந்துவிடுகிறது, ரூட் பார்டிஷனின் அடையாள எண்ணை அதில் எழுத முடியாது. அதற்குத்தான் பார்டிஷனின் வகை எண்ணைப் பார்த்தே இது ரூட், இது ஹோம் என்று கண்டுபிடிக்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். ஒரே டிஸ்க், சாதாரண அமைப்பு என்றால் அழகாக வேலை செய்யும். கட்டளை வரியில் பத்து மாற்றம் செய்து வைத்திருப்பவர், வெளி டிரைவர் மாட்யூலை முதலிலேயே ஏற்ற வேண்டியவர், இவர்களுக்குத் தனியாகக் கையொப்பமிட்ட துணைக்கோப்புகள் உண்டு, ஆனால் அது இன்னும் சாதாரணப் பயனருக்கு எளிதாக இல்லை. சொந்தச் சாவி உருவாக்கித் தானே கட்டிக்கொள்வது அடுத்த வழி. சிஸ்டம்டி 253-இல் வந்த யூகிஃபை அதைச் செய்யும்.

---

பொரிகடலை

பூட் என்றாலே எனக்கு 2008 லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் இன்டெல் பொறியாளர்கள் ஆர்யன் வான் டி வென், ஆக் காக் இருவரும் ஈஈஈ பிசி என்ற சின்ன லேப்டாப்பை 5 நொடியில் எழுப்பிக் காட்டியதுதான் நினைவுக்கு வரும். அவர்கள் செய்த நல்ல காரியம், இருப்பதைக் கொஞ்சம் வேகமாக்குவோம் என்று தொடங்காமல், 5 நொடி என்று முதலில் வைத்துவிட்டு அதைப் பங்கு பிரித்தது. கெர்னலுக்கு 1, தொடக்கச் சேவைகளுக்கு 1, திரையை இயக்கும் எக்ஸுக்கு 1, டெஸ்க்டாப்புக்கு 2. இனிட்ராம்எஃப்எஸ்ஸே கிடையாது, தேவையான டிரைவர்களைக் கெர்னலுக்குள்ளேயே கட்டிவிட்டார்கள்.

ஒரே கணினிக்குச் சொந்தமாகக் கெர்னல் கட்டுபவர் இன்றும் அப்படிச் செய்யலாம், இனிட்ராம்எஃப்எஸ் எல்லாருக்கும் கட்டாயம் இல்லை. இந்த இழையில் அதை யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்.

அப்புறம் ஒவ்வொரு சேவையும் எடுத்த நேரத்தைக் காட்டும் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் ஓட்டிவிட்டு மேலே இருக்கும் சேவைகளையெல்லாம் அணைத்துத் தள்ளுபவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள். சேவைகள் ஒரே நேரத்தில் இணையாக ஓடுகின்றன, நீண்ட நேரம் எடுத்தது உங்களைக் காக்க வைத்தது என்று அர்த்தமில்லை. எது எதற்காகக் காத்திருந்தது என்று காட்டும் கிரிட்டிக்கல்-செயின் பாருங்கள். டெஸ்க்டாப்பில் அடிக்கடி அகப்படுவது நெட்வொர்க் கிடைக்கும்வரை காத்திருக்கும் சேவை. நெட்வொர்க் வழியாக எதையும் மவுண்ட் செய்யாதவர்கள் அதை அணைக்கலாம்.

---

பழைய_மடிக்கணினி

கிரப் பெரிதாகிவிட்டது என்று குறை சொல்லிவிட்டு அந்த இடத்தில், சேவைகளையெல்லாம் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டியின் இன்னொரு கையை வைக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அதே வேலையை முன்பு செய்த பழைய சிஸ்வி இனிட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்டைத் திறந்து மேலிருந்து கீழே படித்தால் தெரிந்துவிடும்.

---

நடுநிசி_டெர்மினல்

அந்த ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றும் படிக்க எளிதுதான். ஆனால் முப்பது ஸ்கிரிப்டுகள் எந்த வரிசையில் ஓடும், ஒன்று விழுந்தால் மற்றது என்ன செய்யும் என்பதை எந்த ஸ்கிரிப்டும் சொல்லாது. ஓடும் சேவையின் எண்ணைக் குறித்து வைக்கும் பிஐடி கோப்பு பழசாகக் கிடந்து சேவை எழாமல் போனதை நாம் எல்லாருமே பார்த்தவர்கள். 2010 ஏப்ரலில் சிஸ்டம்டி அறிவிப்பு வந்தபோது அதற்கு இவ்வளவு வேகமாக ஆதரவு கிடைத்ததற்கு, 2011-இல் ஃபெடோரா 15 எடுத்துக்கொண்டதற்கு, 2014-இல் டெபியன் தொழில்நுட்பக் குழு அவ்வளவு பெரிய சண்டைக்குப் பிறகும் அதையே தேர்ந்தெடுத்ததற்கு அந்தத் தொல்லைகள் பெரிய காரணம்.

சிஸ்டம்டி வேண்டாம் என்பவர்களை நான் குறை சொல்லவில்லை. வாய்ட் லினக்ஸில் ரன்இட் மூன்றே கட்டங்களில் முடித்துவிடுகிறது: எழுப்புவது, சேவைகளைக் கவனிப்பது, அணைப்பது. ஆல்பைனில் ஓப்பன்ஆர்சி இருக்கிறது. இரண்டுமே நன்றாக எழுதப்பட்டவை. பெயரில்தான் உங்களுக்கு உறுத்தல் என்றால், சிஸ்டம்டி-பூட் உண்மையில் 2012-இல் கம்மிபூட் என்று தனியாக வந்தது, 2015-இல்தான் சிஸ்டம்டிக்குள் சேர்ந்தது. பூட் ஆகும்போது அது சிஸ்டம்டி இனிட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தனி இஎஃப்ஐ நிரல். ரன்இட் ஓடும் கணினியையும் அது எழுப்பும்.

சர்வர்_அறை சொன்ன சின்னக் கெர்னல் வழியைப் பற்றி: ரெய்டுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் அது நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு லேப்டாப்பில் இரண்டு கெர்னல் அடுத்தடுத்து எழ வேண்டுமா என்று யோசிக்கிறேன். கெக்ஸெக்கில் தாவும்போது சில கிராஃபிக்ஸ் கார்டுகள் சரியாகத் திரும்ப எழுவதில்லை. சர்வருக்கு அது, லேப்டாப்புக்கு யூகேஐ என்று பிரிந்தாலும் எனக்குச் சம்மதம்தான். இரண்டிலுமே டிஸ்க் படிக்கும் நிரல் கெர்னலில் ஒரு இடத்தில்தான் இருக்கும், நான் கேட்பது அதைத்தான்.

---

புதுசா_லினக்ஸ்

அக்கா, என் லேப்டாப்பில் விண்டோஸ் போட்ட இஎஸ்பி 100 எம்பிதான் இருக்கிறது. அதில் யூகேஐ கொள்ளுமா? மாற்ற வேண்டுமென்றால் எப்படித் தொடங்குவது?

---

கெர்னல்_கவிதா

கொள்ளாது தம்பி. பொதுவான இனிட்ராம்எஃப்எஸ் சேர்ந்த யூகேஐ ஒன்றே 50 எம்பியிலிருந்து 100-ஐத் தாண்டும், பழையது ஒன்றும் புதியது ஒன்றும் வைத்திருக்க வேண்டும். விண்டோஸ் இஎஸ்பியைப் பெரிதாக்கப் போகாதீர்கள், அதன் பின்னாலேயே மற்றப் பார்டிஷன்கள் ஒட்டி இருக்கும். அதே டிஸ்க்கில் 1 ஜிபி அளவுக்கு இன்னொரு ஃபேட் பார்டிஷன் உருவாக்கி, அதற்கு விரிவாக்கப்பட்ட பூட் பார்டிஷனுக்கான வகை எண்ணைக் கொடுத்துவிட்டால் சிஸ்டம்டி-பூட் அதையும் தேடிப் படிக்கும். இஎஸ்பியில் சிஸ்டம்டி-பூட் மட்டும் இருந்தால் போதும், அது மிகச் சின்னது. ஆனால் அந்தப் பார்டிஷன் அதே டிஸ்க்கில் இருக்க வேண்டும், வேறு டிஸ்க்கில் வைத்தால் பார்க்காது.

தொடங்குவதற்கு முன் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் (efibootmgr) கட்டளையை ஓட்டி இப்போது ஃபர்ம்வேரில் என்னென்ன பதிவுகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று குறித்து வையுங்கள். கிரப் பதிவை அழிக்க வேண்டாம், இரண்டாவதாகத் தள்ளி வையுங்கள். சில ஃபர்ம்வேர்கள் நாம் எழுதும் பதிவுகளை மறந்துவிட்டு விண்டோஸை மட்டும் எழுப்பும், அப்படி நடந்தால் ஃபர்ம்வேர் மெனுவுக்குள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், எந்த விசை என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் போட்டிருந்தால் கட்டாயம் முதலில் உங்கள் டிஸ்ட்ரோ தரும் சிஸ்டம்டி-பூட்டுக்குக் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இப்போதைக்குக் கிரப்பிலேயே இருங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி எடுத்துக்கொண்டு அப்புறம் கை வையுங்கள், பூட் வரிசை மாறினால் அது சாவி கேட்கக்கூடும். எந்த டிஸ்ட்ரோ, எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள், கட்டளைகளை வரிசையாகத் தருகிறேன்.